மருமகளுக்கு

அப்பா அத்தையின் வலது கையிலிருந்து உறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். வெள்ளைப் பருத்தி உறை, கட்டைவிரல் நுனியில் டீக்கறை. நான்கு விரல்கள் சொன்னபடி கேட்டு வந்துவிட்டன. ஆள்காட்டி விரல் மட்டும் வர மாட்டேன் என்று அடம் பிடித்தது. "விடுக்கா," என்றார் அப்பா, உயிரோடிருப்பவளிடம் சொல்வதைப் போலவே. கொஞ்சம் இழுத்ததும் வந்துவிட்டது.

"கையை நீட்டு."

சில்லு நீட்டினாள். சித்தப்பா எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார், அடுத்த நிமிஷம் யாரோ திருட வரப்போகிற மாதிரி. உறை அவள் விரல்களில் வழுக்கிக்கொண்டு ஏறியது.

"அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்குது பாரு," என்றார் சித்தப்பா.

உறைக்குள் அத்தையின் சூடு இன்னும் இருந்தது. சில்லுவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அதுவரை அத்தையின் பாதத்தைப் பிடித்தபடி, என்ன செய்வதென்று புரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

வெளியாரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கீழே கடை, மேலே வீடு என்றிருந்த அந்தக் கண்ணாடிக் கடையில், கண்ணாடி வெட்டும் கருவி என்று ஒன்று கிடையாது. அப்பா டேப்பை வைத்து அளந்து சொல்வார். சில்லு அதைத் திருப்பிச் சொல்வாள். அப்பா "சரி" என்பார். அப்புறம் அத்தை உறையைக் கழற்றிவிட்டு, ஆள்காட்டி விரலால் கண்ணாடியின்மேல் ஒரு கோடு இழுப்பாள். அவ்வளவுதான். கண்ணாடி இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஓரத்தைத் தேய்க்க வேண்டாம், சாணை பிடிக்க வேண்டாம். குழந்தை வாயில் வைத்தாலும் கிழிக்காது. அவர்கள் வீட்டில் அதற்குக் 'கை' என்றே பெயர். அத்தைக்கு முன்னால் அவளுடைய பெரியம்மாவிடம் 'கை' இருந்தது.

வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் உறை போட்டே ஆக வேண்டும். தெரியாமல் விரல் ஓடினாலும் போச்சு. டம்ளர், பல்பு, ஜன்னல் எதுவும் மிஞ்சாது. ஆனால் உறையைக் கழற்றினால் வேலை நடக்கும் இடங்களும் உண்டு. கட்டடக்காரர் ஒரு தடவை கடையைக் காலி பண்ணச் சொல்லி மிரட்ட வந்தார். அத்தை உறையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, அவருடைய காரின் முன்கண்ணாடியை ஜன்னல் வழியாக ஆசையாகப் பார்த்தாள். மனுஷன் டீயைக் குடித்து முடிக்காமலே கிளம்பிவிட்டார்.

இந்தக் கை யாருக்கும் சும்மா வந்துவிடாது. கை வைத்திருப்பவர் கண்ணை மூடுவதற்கு முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதிலும் பேர் சொல்லக் கூடாது, முறை சொல்ல வேண்டும். மகளுக்கு, தங்கைக்கு, பேத்திக்கு என்று. அப்போதுதான் கைமாறும். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

அன்று காலையில் அத்தை கண்ணைத் திறந்து சில்லுவைப் பார்த்தாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"கை… மருமகளுக்கு," என்றாள்.

"மருமகளுக்கு," என்று அப்பா திருப்பிச் சொன்னார். ஆயுசு முழுக்க அளவு சொல்லியும் கேட்டும் வந்த பழக்கம். சாவுப் படுக்கையிலும் விடவில்லை.

"சரி," என்றாள் அத்தை. அதுதான் கடைசி.

தம்பி மகள் மருமகள்தானே! இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உறை சில்லுவின் கைக்கு வந்தது.

அத்தையைக் கூடத்தில் கிடத்தினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன, ஆட்கள் வந்தார்கள், ஆளுக்கொன்று பேசினார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அத்தையின் முகத்தை ஒரு தடவையும் சில்லுவின் உறையை இரண்டு தடவையும் பார்த்தார்கள். அவளைச் சின்ன வயசிலிருந்து தெரிந்தவர்கள்கூட ஒரு அடி தள்ளியே நின்றார்கள். கடைக்குள் வெறுங்காலோடு ஓடி உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஏற்றிக்கொண்டதால் சில்லு என்று பேர் வாங்கியவளைப் பார்த்து, இப்போது பெரியவர்கள் பயந்தார்கள். பத்தொன்பது வயசில் அது கொஞ்சம் பிடித்தும் இருந்தது. பிடித்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் கைக்குள் ஒன்றும் தெரியவில்லை. குறுகுறுப்பு இல்லை, கனம் இல்லை. வேர்த்துக் கசகசவென்றிருந்தது, அதோடு சரி.

குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு உறையைக் கழற்றினாள். முகம் பார்க்கும் கண்ணாடியின் ஓரத்தில் விரலை வைத்து இழுத்தாள். ஈரக் கோடு ஒன்று விழுந்தது. இன்னும் அழுத்தி இழுத்தாள். விரல் கீச்சென்று சத்தம் போட்டது. கண்ணாடி அவள் முகத்தை அவளுக்கே காட்டிக்கொண்டு சும்மா இருந்தது.

சில்லு கக்கூஸ் மூடியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்தாள்.

போன மாதம், கடையின் பின்னறையில், அடுக்கி வைத்த பனிக்கண்ணாடிகளுக்குப் பின்னால், பெடல் அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி முத்தம் கொடுத்தபோது அத்தை உள்ளே வந்தாள். எதிர்ச்சாரியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெண்தான் பெடல். சில்லுவைவிட ஒரு வயசு மூத்தவள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பாள், நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருக்கும். ஊருக்கு அவர்கள் சிநேகிதிகள். பனிக்கண்ணாடி வழியாக எவ்வளவு தெரிந்திருக்கும்? உருவம் தெரியும். இரண்டு உருவம் ஒன்றாக நின்றது தெரியும். அத்தை ஒரு நிமிஷம் நின்றாள். "கதவைச் சாத்திக்கங்க, தூசி வருது," என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. அந்த ஒரு வாக்கியத்தைச் சில்லு மாதம் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபமா, அருவருப்பா, நிஜமாகவே தூசியைப் பற்றிய கவலையா?

இப்போது புரிந்துவிட்டது. வாயால் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டு மனசால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அம்மா செத்தபோது சில்லுவுக்குப் பல்கூட முளைக்கவில்லை. தூக்கி வளர்த்தவள் அத்தை. 'மகளே' என்றுதான் கூப்பிடுவாள். "தம்பி பொண்ணை மருமகளேன்னு இல்ல கூப்பிடணும், முறை தெரியாதா உனக்கு?" என்று யாராவது திருத்தினால், "என் வாய், என் முறை, உனக்கென்ன?" என்பாள். அப்படிப்பட்டவள் கடைசி மூச்சில் மருமகள் என்று விலக்கிவைத்துவிட்டாளே. சில்லுவுக்குக் கை வராமல் போனதைவிட அது பெரிசாக இருந்தது.

உறையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது பெடல் வந்திருந்தாள். முகத்தில் கண்ணாடி இல்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டில் திணித்தபடி சுவரோரமாக நின்றாள். சில்லு நேராகப் போய் அவள் தோளில் சாயப் பார்த்தாள். பெடல் பின்னால் நகர்ந்துவிட்டாள்.

"தொடாதே."

"யாராவது பார்ப்பாங்கன்னா?"

"அதில்ல. சும்மா, தொடாதே. ப்ளீஸ்."

"கண்ணாடி எங்க?"

"உடைஞ்சிடுச்சு."

யாரோ டீ நீட்டினார்கள். பெடல் கையை வெளியே எடுக்காமல், "பேப்பர் கப்புல இருந்தா குடுங்க," என்றாள். சாவு வீட்டில் கப் பார்த்து டீ கேட்கிறாளே என்று தட்டு வைத்திருந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தார். சில்லுவுக்குச் சுருக்கென்றது. உறை போட்ட கையைப் பார்த்து இவளும் பயப்படுகிறாளா? இல்லை, அத்தை போன அன்றைக்கே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறாளா? ஒரே நாளில் எத்தனை பேர்தான் கைவிடுவார்கள்!

மதியம் தாண்டியதும் அப்பா கூப்பிட்டார். கீழே கடையில் வேலை மேஜையின்மேல் கண்ணாடி ஒன்றைப் போட்டுத் துடைத்துவைத்திருந்தார். பக்கத்தில் அத்தையின் படம், பத்துக்குப் பன்னிரண்டு. சாயங்காலம் வண்டி வந்து அத்தையை எடுத்துப்போவதற்குள் படத்துக்குக் கண்ணாடி போட்டாக வேண்டும். புதுக் கையின் முதல் வேலை அது. பெரியம்மா போனபோது அத்தையும் அப்படித்தான் செய்தாளாம்.

"பத்துக்குப் பன்னிரண்டு," என்றார் அப்பா.

"பத்துக்குப் பன்னிரண்டு."

"சரி. போடு."

சித்தப்பா மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றார். புதிதாகக் கட்டுகிற மண்டபம் ஒன்றுக்கு வளைவுக் கண்ணாடி முழுவதும் நம் கடையிலிருந்துதான் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார் அவர். எந்தக் கருவியாலும் வெட்ட முடியாத வளைவு. அவருடைய மகள், காலேஜ்காரி, வாசற்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில்லு உறையைக் கழற்றினாள். விரலை வைத்தாள். இழுத்தாள்.

ஒன்றும் இல்லை.

"பதட்டப்படாதே. மெதுவா," என்றார் அப்பா.

இன்னொரு தடவை. விரல் கீச்சிட்டது. அத்தையின் படம் பக்கத்தில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தது.

"அழுத்தும்மா! மாவு பிசையற மாதிரி தடவிட்டு இருந்தா?" என்றார் சித்தப்பா. அழுத்தினாள். நகம் வலித்தது. கண்ணீர் கண்ணாடியில் விழுந்தது. அப்பா தன் சட்டையாலேயே அதைத் துடைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார், கண்ணாடியில்தான் ஏதோ கோளாறு என்பதைப் போல. அதுவும் நடக்கவில்லை.

சித்தப்பாவுக்குத் திடீரென்று மண்டையில் பல்பு எரிந்தது.

"அண்ணே! எம்பொண்ணும் அக்காவுக்கு மருமகதானே?"

காலேஜ்காரி தலை நிமிர்ந்தாள். "அய்யய்யோ, எனக்கு வேணாம்பா. இப்பதான் நகம் வச்சேன்."

"எழுந்து வாடி!"

முணுமுணுத்துக்கொண்டே வந்து, விரலை நீட்டி ஒரு கோடு இழுத்தாள். ஒட்டு நகம்தான் பிய்ந்தது. விட்டால் போதும் என்று மறுபடி படிக்கே போய்விட்டாள்.

சித்தப்பா அப்பாவின் பக்கம் திரும்பினார். "உனக்குக் காது சரியா கேட்டுதா அண்ணே?"

"திருப்பிச் சொன்னேன்டா. சரின்னா. நீயும் பக்கத்துலதானே நின்னே?"

"அப்ப எங்க போச்சு? எந்த மருமகளுக்குப் போச்சு?"

"எனக்கென்னடா தெரியும்?" அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரே நாளில் பத்து வயசு கூடிய மாதிரி இருந்தார். "அக்காவுக்கு வேற மருமக ஏது? கட்டலை, பெத்துக்கலை. புள்ளைன்னு ஒண்ணு இருந்தாத்தானே மருமகன்னு ஒருத்தி வர்றதுக்கு."

சில்லு அதைக் கேட்டாள். கேட்டது உள்ளே போய் எங்கேயோ தட்டியது, ஆனால் எதில் தட்டியது என்று பிடிபடவில்லை. உறையை மறுபடி மாட்டிக்கொண்டு, கண்ணாடியைத் தூக்கிக்கொண்டாள். "பின்னாடி வச்சுத் தனியா ஒரு தடவை முயற்சி பண்றேன்பா," என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனாள். அழுவதற்கு அந்த வீட்டில் அன்றைக்கு வேறு இடமில்லை.

பனிக்கண்ணாடிகளுக்குப் பின்னால் பெடல் தரையில் உட்கார்ந்திருந்தாள். இப்போதும் கைகள் பாக்கெட்டில்.

"இங்க என்ன பண்றே?"

"யாரையும் தொட்டுடக் கூடாதுன்னு இங்க வந்துட்டேன், வந்தா இவ்ளோ கண்ணாடி இருக்கேன்னு பயந்துட்டு அசையாம உட்கார்ந்திருக்கேன்." பெடல் பாக்கெட்டுக்குள் விரல்களை மடக்கிக்கொண்டாள். "எனக்கு என்னமோ ஆயிடுச்சுடி. காலைல கடையைத் திறந்து உட்கார்ந்தேன். கண்ணாடியைக் கழட்டி, எப்பவும் போல சட்டையால துடைச்சேன்."

வலது கை வெளியே வந்தது. உள்ளங்கையில் அவளுடைய சோடாபுட்டிக் கண்ணாடி. இரண்டு வில்லையும் நடுவில் ஒரே சீராகப் பாதியாகியிருந்தன. சட்டத்தில் பாதி, கையில் பாதி.

"கீழ விழலை. உடையலை. விரல் பட்டுது, விட்டுருச்சு. அப்புறம் டைனமோ விளக்கு. அப்புறம் பக்கத்துக் கடை டீ கிளாஸ். உன்னைத் தொட்டா உனக்கும் ஏதாவது ஆயிடுமோன்னு… நான் என்ன தப்பு பண்ணேன்னே தெரியலை."

சில்லு ஒரு பாதி வில்லையை எடுத்து அதன் ஓரத்தில் இடது கட்டைவிரலை ஓட்டினாள். பிறந்ததிலிருந்து அந்த ஓரத்தை அவளுக்குத் தெரியும். கிழிக்கவில்லை.

அவள் தொப்பென்று பெடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை என்னை என்னன்னு கூப்பிடுவாங்க?"

"இப்ப அதா முக்கியம்?"

"சொல்லேன்."

"மகளேன்னு."

"அப்ப நான் மருமக இல்லை. மக." சில்லுவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "மகளைக் கட்டிக்கப்போறவ என்ன முறைல வருவா, அந்த அம்மாவுக்கு?"

பெடல் கண்ணை இடுக்கிக்கொண்டு அவளையே பார்த்தாள். கண்ணாடி இல்லாத அவளுக்குச் சில்லு மங்கலாகத்தான் தெரிந்திருப்பாள். புரிய நேரம் எடுத்தது.

"அவங்களுக்குத் தெரியுமா?" என்றாள் கடைசியில்.

"கதவைச் சாத்திக்கங்கன்னாங்களே."

சில்லு அவள் கையைப் பிடித்தாள். பெடல் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கை கை போலத்தான் இருந்தது, கிரீஸ் நாற்றத்தோடு. காலையிலிருந்து தன்னைத் தள்ளிவைத்துவிட்டாள் என்று யாரை நினைத்துச் செத்துக்கொண்டிருந்தாளோ, அவள் போகும்போது வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள், மூன்று பேர் முன்னால். சந்தோஷப்படுவதா, ஐயோ இப்படிப் போய்விட்டாளே என்று தலையில் அடித்துக்கொள்வதா என்று சில்லுவுக்கு விளங்கவில்லை. ஒரு மாதம் இருந்ததே, இரண்டு பேரும் பேசியிருக்கலாமே!

பெடல்தான் முதலில் எழுந்தாள். "இங்க பாரு. நான் வெட்டித் தர்றேன். நீ வெட்டினதா சொல்லிக் கொண்டுபோ. உறை உன் கைலதான் இருக்கு. எப்ப வேணுமோ அப்பல்லாம் நான் பின்னாடி வந்து வெட்டித் தர்றேன். யாருக்கும் தெரியாது."

சில்லு கண்ணாடியைத் தரையில் கிடத்தி, அளவுக்குப் புள்ளி வைத்தாள். பெடல் மண்டிபோட்டு, மூக்கு தட்டுகிற அளவுக்குக் குனிந்து, ஆள்காட்டி விரலால் கோடு இழுத்தாள். முதல் கோடு கொஞ்சம் வளைந்து போயிற்று. இருந்தாலும் சத்தமில்லாமல் விட்டது. அடுத்தது நேராக வந்தது.

கடைக்குள் கண்ணாடியோடு வந்த சில்லுவைப் பார்த்ததும் சித்தப்பா கை தட்டாத குறைதான். "வந்துருச்சா! நான் சொல்லலை? அழுத்தணும்னு சொன்னேனே!"

அப்பா கண்ணாடியை வாங்கி ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார். ஒரு ஓரம், இரண்டு ஓரம். மூன்றாவது ஓரத்தில் விரல் நின்றுவிட்டது. "அக்கா," என்று சொல்லிவிட்டு அழுதார். காலையிலிருந்து அவர் அழுவதை யாரும் பார்க்கவில்லை. சித்தப்பா அவர் தோளில் கை போட்டுக்கொண்டு சில்லுவைப் பார்த்தார், கும்பிடாத குறையாக. மண்டபம் வரும், கடை நிற்கும், ஊர் பயப்படும். சும்மா இருந்தால் போதும். எல்லாம் அவள் கைக்கு வந்துவிடும்.

பின்னறைக் கதவோரம் பெடல் நின்றாள், கைகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, விருந்தாளியைப் போல.

"நான் வெட்டலைப்பா," என்றாள் சில்லு.

"என்னம்மா?"

"நான் வெட்டலை. மருமக வெட்டினா."

"மருமக வெட்டினா," என்று அப்பாவின் வாய் தன் பாட்டுக்குத் திருப்பிச் சொன்னது.

"சரி," என்றாள் சில்லு.

சொன்னது வாய்தான். அர்த்தம் பின்னாலேயே நடந்து வந்து சேர்ந்தது. அப்பா சில்லுவைப் பார்த்தார். அவள் கண் போன திசையில் கதவைப் பார்த்தார். தடித்த விரல்களோடு அந்தப் பெண் பாக்கெட்டிலிருந்து கையை எடுப்பதையும், அதில் இரண்டு பாதியாகிப் போன கண்ணாடியையும் பார்த்தார்.

"என்ன மருமக? யாரு மருமக? அது சைக்கிள் கடைப் பொண்ணுல்ல?" என்றார் சித்தப்பா. "அண்ணே, எனக்கு ஒண்ணும் புரியலை. நீயாவது சொல்லேன்."

அப்பாவுக்கும் முழுக்கப் புரிந்த மாதிரி தெரியவில்லை. மேலே கூடத்தில் நாற்காலிகளை இழுக்கிற சத்தம் கேட்டது. வெளியே, அத்தையை எடுத்துப்போகும் வண்டி ரிவர்ஸில் வந்து நின்றது. காலேஜ்காரி மட்டும் போனைக் கீழே வைத்துவிட்டு, சில்லுவையும் பெடலையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "ஓ!" என்றாள்.

"உறையைக் கழட்டு," என்றார் அப்பா.

சில்லு கழற்றிக் கொடுத்தாள். அவர் அதை உதறி, ஈரம் போக இரண்டு தடவை ஊதி, பெடலிடம் போனார். "நீட்டும்மா." பெடல் நீட்டினாள். உறை பாதி விரல்வரை போய் நின்றுகொண்டது. இழுத்தார், தையல் முறுக்கிற்று. சைக்கிள் செயினும் டயரும் பிடித்துப் பழகிய கை அது, அத்தையின் உறைக்குள் அடங்குவதாக இல்லை. பெடல் பயந்துபோய், "பரவாயில்லைங்க, நான் பாக்கெட்லயே வச்சுக்கறேன்," என்றாள்.

அப்பா உறையை மடித்து அத்தையின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். சட்டைப் பையில் கையை விட்டார். துக்க நாளிலும் அந்த டேப் அங்கேதான் இருந்தது. அதை உருவி, பெடலின் உள்ளங்கையைச் சுற்றிப் போட்டு, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஏழே முக்கால்," என்றார்.

அப்பா டேப்பை விடாமல் அப்படியே காத்திருந்தார்.

"ஏழே முக்கால்," என்றாள் சில்லு.

"சரி," என்றார் அப்பா. ஆள்காட்டி விரலை அளக்க ஆரம்பித்தார்.